உங்கள் மலையும் எங்கள் மேடும்

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
ஏப்ரல் 1935

சைகோனில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

தலாத் மலையில் நீங்கள் நிற்கும் போட்டோ வந்தது. "தனியாத்தான் ஏறிப் பாத்தேன். இதுதான் மலை! நம்ம கோரிமேடு வெறும் மண்ணு. பொண்ணு பெர்னதெத்த மட்டும் கப்பல்ல அனுப்பு, நல்ல ஊரப் பாக்கட்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

வெறும் மண்ணா? என்ன வாய் உங்களுக்கு! ஆண்டவர் உயிர்த்த பாஸ்கு பண்டிகைக்கு மறுநாள் ஊரே சோறு கட்டிக்கொண்டு நடக்கிற மேடு அது. மழை அறுத்த பள்ளங்களில் இறங்கி ஏறினால் முழங்கால்வரை செம்மண் ஒட்டும். கூழாங்கல்லோடு, கல்லாகிப்போன மரத்துண்டும் காலில் இடறும். உச்சியில் நின்றால் கடல் தெரியும். கல்யாணமான வருஷம் அங்கேதான் அப்படியொரு துண்டை என் கையில் வைத்து, "கல்லா ஆயும் மரத்தோட வரி அழியல பாரு" என்றீர்கள். கல்லுக்கு இருக்கிற ஞாபகம் உங்களுக்கு இல்லை.

இந்த வருஷம் நானும் மகளும்தான் ஏறினோம். வெயிலுக்கு என் முந்தானைதான் இருவருக்கும். உச்சியில் உட்கார்ந்து போட்டோவைப் பார்த்தவள், "அம்மா, அப்பா பக்கத்துல பூப்போட்ட குடை யாருது?" என்று கேட்டாள்.

அங்கே காற்று அதிகம். எனக்குக் காதில் விழவில்லை.

அவளை அனுப்ப மாட்டேன். நல்ல ஊரை நீங்களே பாருங்கள்.

போட்டோவையும் இதோடு திருப்பி அனுப்புகிறேன். அப்பாவை மட்டும் வெட்டி வைத்துக்கொள்ளலாம் என்று அவள் கத்தரிக்கோலை எடுத்தாள். குடை உங்கள் தோள்மேல் சாய்ந்திருக்கிறது. பிரித்து வெட்ட முடியவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மகளின் தாய்