சீசன் முடிந்ததும்

தாயில்பட்டி,
செப்டம்பர் 4

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்களைக் கேட்டால் "நலம், காற்று பலமாக இருக்கிறது" என்று எழுதுவீர்கள். காற்றை விட்டுவிட்டு உடம்பைப் பற்றி எழுதுங்கள்.

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, இனிமேல் கடிதம் மட்டும்தான் என்று ஆடியில் நீங்கள் சொன்னபோது சிரிப்பு வந்தது. இப்போது தபால்காரர் பத்திரகாளி அண்ணன் பைக் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு குறை உண்டு. "மூன்று நாட்களுக்கு மழை இல்லை, சரக்கைக் காய வைக்கலாம்" என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கடிதம் கைக்கு வந்தபோது களத்தில் தண்ணீர் நின்றது. என் தம்பி தருண்குமார் படித்துவிட்டு, "அக்கா, அத்தான் கப்பலுக்குத்தான் சரிப்படுவாக, நமக்கு ஆக மாட்டாக" என்றான். ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. உங்களை விட்டுக்கொடுக்கக் கூடாதென்று நான் சிரிக்கவில்லை. கொஞ்சம்தான் சிரித்தேன்.

மழை என்றால் நாங்கள் பட்டாசு மருந்தைத் தொட மாட்டோம். எல்லோருக்கும் லீவு. அத்தனை பேர் புழங்குகிற கம்பெனியில் நான் மட்டும் பூட்டின அறைகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அன்றைக்குத்தான் உங்கள் நினைப்பு ரொம்ப வருகிறது.

உங்கள்
யோகா


போர்ட் பிளேயர்,
செப்டம்பர் 16

அன்பு யோகா,

உடம்பு நன்றாக இருக்கிறது. காற்றைப் பற்றி எழுதவில்லை, போதுமா?

நல்ல சேதி ஒன்று. குடும்பக் குவார்ட்டர்ஸ் ஒருவழியாகக் கிடைத்துவிட்டது. இரண்டு அறை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் கடல். பொங்கலுக்குள் குடும்பம் வரவில்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், காத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

கல்யாணமாகி ஆறு வருடம். மாமாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் பட்டாசுக் கம்பெனியைப் பார்க்க நீ ஊருக்குப் போனாய். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தருண் படிப்பை முடித்து வந்துவிட்டானே. இனியாவது வரக்கூடாதா?

வானிலை ஆபீசில் அப்படி என்னதான் வேலை என்று மாமா கேட்டதாக முன்பு எழுதியிருந்தாய். செயற்கைக்கோள் படத்தில் மேகம் எங்கே திரள்கிறது என்று பார்க்கிறேன். கடலின் சூடு, காற்றின் திசை, நடுக்கடல் மிதவைகள் அனுப்புகிற அழுத்தம் எல்லாவற்றையும் வைத்து, இந்தப் பக்கம் போகாதீர்கள் என்று கப்பல்களுக்கும் மீனவர்களுக்கும் எழுதுகிறேன். யாரும் பதில் எழுதுவதில்லை. கேட்டார்களா, கேட்காமல் போய்த் திரும்பினார்களா, எதுவும் தெரியாது. அறைக்கு வந்து என் ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்க்கும்போது அந்தச் சத்தமே பெரிதாகக் கேட்கிறது. வந்துவிடு யோகா.

உன்
ராம்குமார்


தாயில்பட்டி,
அக்டோபர் 1

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் தட்டைக் கழுவுகிற வரியைப் படித்து அழுதுவிட்டேன். அப்பாவிடம் அன்றைக்கே பேசினேன். "நீ போ தாயி. இம்புட்டு நாளு நீ இங்கன இருந்ததே பெருசு" என்றார். கம்பெனிச் சாவியைத் தருணிடம் கொடுத்துவிடப் போகிறேன்.

சீசன் முடிந்ததும் வருகிறேன். ஆனால் நானாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வர மாட்டேன். நீங்கள் வந்து அழைத்துப்போக வேண்டும். "மாப்பிள்ள வந்து கூப்பிடாம போனா, இவளாப் போயி ஒட்டிக்கிட்டான்னு பேசுவாக" என்கிறாள் பெரியம்மா. ஊர் பேசுவது கிடக்கட்டும். நீங்கள் வந்து கூப்பிட வேண்டும் என்று எனக்கே ஆசையாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை இருக்கன்குடி கோயிலுக்குப் போனேன். பக்கத்தில் வெள்ளாமை செய்கிற ஒரு சம்சாரி வீட்டம்மா, "ஆத்தா, விதைச்சிட்டோம், மழையக் குடு" என்று கும்பிட்டாள். தீபாவளி வரைக்கும் வேண்டாம் தாயே என்று நான் கும்பிட்டேன். மாரியம்மன் யார் பக்கம் என்று உங்கள் ஆபீசில் கேட்டுச் சொல்லுங்கள்.

ஜன்னல் அளவை எழுதுங்கள். திரைச்சீலை தைத்து எடுத்து வருகிறேன்.

உங்கள்
யோகா


போர்ட் பிளேயர்,
அக்டோபர் 13

அன்பு யோகா,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே வேலைக்குப் போனேன். ஜன்னல் நாலடி அகலம், மூன்றரை உயரம். நீலம் வேண்டாம், வெளியே முழுக்க அதுதான்.

சீசன் முடிந்ததும் நானே வந்து அழைத்துவருகிறேன். இதில் மாற்றமே இல்லை.

இனி இங்கே மூச்சுவிட நேரம் இருக்காது. தெற்கே ஒன்று திரளத் தொடங்கியிருக்கிறது. கடிதம் தாமதமானால் கோபிக்காதே.

உன்
ராம்குமார்


போர்ட் பிளேயர்,
நவம்பர் 24

அன்பு யோகா,

தீபாவளிக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. அலுப்பில் தூங்கி எழுந்துகொண்டிருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கே சீசன் உச்சத்தில் இருக்கிறது. கடல் இன்னும் ஆறவில்லை. ஒன்று கரையேறுவதற்குள் அடுத்தது உருவாகிறது. டிசம்பர் கடைசி வரை இழுக்கும், அதுவரை யாருக்கும் லீவு கிடையாது. சீசன் முடிந்த மறுநாளே கிளம்பிவிடுவேன். கட்டில் ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறேன். தேக்கு.

உன்
ராம்குமார்


தாயில்பட்டி,
டிசம்பர் 5

அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. நீங்கள் சொன்ன சீசன் புயல் சீசன். நான் சொன்னது தீபாவளி.

தீபாவளிக்கு மறுநாள் பெட்டியைக் கட்டிவிட்டேன். சாவியைத் தருணிடம் கொடுத்தேன். மதுரையிலிருந்து வருகிற வண்டிக்கு அவனைச் சாத்தூர் ஸ்டேஷனுக்கு அனுப்பினேன். மறுநாளும் அனுப்பினேன். மூன்றாம் நாள் அவனே, "வேண்டாங்க்கா, அத்தான் வந்தா ஆட்டோ பிடிச்சு வரட்டும்" என்றான். கம்பெனியில் வேலை பார்க்கிற பொம்பளையாட்கள், "மாப்பிள்ள எப்ப வாறாக?" என்று தெருவில் நிறுத்திக் கேட்டார்கள். புயலில் மாட்டிக்கொண்டார் என்றேன். சொல்லும்போது இங்கே சுள்ளென்று வெயில் அடித்தது.

போன் செய்து கேட்டிருக்கலாம். எடுத்து எடுத்து வைத்தேன். கேட்டுத்தான் நீங்கள் வர வேண்டுமென்றால் வரவே வேண்டாம் என்று ஒரு வீம்பு.

கார்த்திகையில் புது சீசனுக்குப் பூசை போட்டார்கள். தருண் சாவியை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். எடுத்துக்கொண்டேன். அழுதுகொண்டுதான் எடுத்தேன்.

நீங்கள் ஏமாற்றவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் பட்டாசுக்காரர் வீட்டு மாப்பிள்ளை நீங்கள். எங்களுக்குத் தீபாவளியோடு சீசன் முடியும் என்பதைச் சிவகாசியில் எந்த டீக்கடையில் கேட்டாலும் சொல்வார்கள். ஆறு வருடத்தில் உங்களுக்கு அது ஏறவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

யோகலட்சுமி


போர்ட் பிளேயர்,
டிசம்பர் 27

அன்பு யோகா,

விடாமல் போன் செய்கிறேன், நீ எடுக்கவில்லை. தப்பு முழுக்க என்னுடையது, சமாதானம் சொல்ல வரவில்லை. லீவு கிடைத்துவிட்டது. ஜனவரி பத்தாம் தேதி காலையில் சாத்தூரில் இறங்குகிறேன். உன்னை அழைத்துப்போகத்தான் வருகிறேன். வீட்டை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. பெட்டியை மறுபடி எடுத்து வை.

உன்
ராம்குமார்


தாயில்பட்டி,
ஜனவரி 3

திரு. ராம்குமார் அவர்களுக்கு,

வருகிற சேதி கிடைத்தது. தாராளமாக வாருங்கள். பத்தாம் தேதி தருண் காரோடு ஸ்டேஷனில் நிற்பான். மாடி அறையை ஒழித்துப் புது விரிப்புப் போட்டிருக்கிறேன். வெந்நீர் அங்கேயே வரும். சமையலுக்கு மாரிசெல்வி வருகிறாள், உறைப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறேன். பகலில் நான் கம்பெனியில் இருப்பேன். பேச்சுத் துணைக்கு அப்பா இருப்பார்.

எத்தனை நாள் தங்குவீர்கள் என்று முன்கூட்டியே தருணுக்குப் போனில் சொல்லிவிடுங்கள். திரும்பிப் போக உங்களுக்கு டிக்கெட் போட்டு வைக்கிறேன்.

யோகலட்சுமி