லாப்பா சொன்னது

அரெட்ஸோ,
புனித மார்ட்டின் திருநாளுக்கு முந்தைய நாள்.

ரோமாபுரியில் இருக்கும் என் கணவர் லத்தான்சியோவுக்கு, தாடேயாவின் வணக்கம்.

இல்லை, நீங்கள் எழுதியபடி அந்தக்கால ரோமானியத் தாய்மார்களைப் போல நான் கண்ணீரை அடக்கவில்லை. அழுதேன். அக்கம்பக்கத்தார் வந்து பிடிக்கும்வரை அழுதேன்.

உங்கள் ஆறுதல் கடிதம் கிடைத்தது. அழகான லத்தீன். நீங்கள் கற்றுக்கொடுத்த அளவுக்குப் புரிந்தது. உங்கள் அறிஞர் வட்டத்தில் ஒருவருக்கு எழுதும் கடிதம் எல்லோருக்கும்தான், தெரியும். ஆனாலும் இதை எனக்கு முன்பே ஊர் படித்துவிட்டது. பத்திரம் எழுதும் பால்தோ கோயில் வாசலில் என்னை நிறுத்தினார். "என்னா கடிதம்மா அது! ஃப்ளாரன்ஸ்ல கூட்டம் கூடி வாசிச்சாங்களாம். உங்க பொண்ணு குடுத்து வச்சவ" என்றார். அவளைப் புதைத்த மண் இன்னும் காயவில்லை. தலையாட்டிவிட்டு வந்தேன்.

லாப்பாவுக்கு வயது எட்டு. நீங்கள் பதினொன்று என்று எழுதியிருக்கிறீர்கள். எட்டு வயதுக் குழந்தை தத்துவம் பேசினால் நம்ப மாட்டார்கள் என்பதற்காக இருக்கும். சாகும்போது என்னைப் பார்த்துச் சிரித்து, மரணம் ஒரு துறைமுகம் என்றாளாம். அவள் கடலையே பார்த்ததில்லை.

அவள் சொன்னது வேறு. நீங்கள் கேட்கவில்லை, சொல்கிறேன். "கதவத் தாப்பா போடாதம்மா. தூங்கிட்டோம்னு நெனச்சு அப்பா திரும்பிப் போயிடுவாரு." பிறகு தண்ணீர் கேட்டாள். அவ்வளவுதான்.

இன்றுவரை நான் தாழ் போடவில்லை.

அவள் காய்ச்சல் முற்றுவதற்குள், உங்களை வரச்சொல்லி நான் எழுதிய கடிதம் உங்கள் கைக்கு வந்துவிட்டது. அதைக் கொண்டுவந்த கோவேறு கழுதைக்காரன் கீனோ சொன்னான். கர்தினால் முன் நிகழ்த்த வேண்டிய உரை பாக்கி, முடித்துவிட்டு வருகிறேன் என்றீர்களாம். "பொண்ணு படுத்த படுக்கைன்னு சொன்னேங்க்கா. அவரு எழுதறத நிறுத்தவே இல்ல" என்றான்.

இப்போது என் பதிலையும் நீங்களே லத்தீனில் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். நான் அதை என் கையால் படியெடுத்து, கீழே பெயர் போட்டு அனுப்ப வேண்டும். இரண்டையும் தொகுத்துக் கர்தினாலுக்குக் காணிக்கையாக்கினால் செயலாளர் பதவி உறுதி என்கிறீர்கள். நீங்கள் எழுதிய தாடேயா நல்லவள். கணவன் சொல்லைப் படித்ததும் தேறிவிட்டாள். அவள்மேல் பொறாமையாக இருக்கிறது.

படியெடுக்க மாட்டேன். என் பதில் இதுதான். வேண்டுமானால் இதைத் தொகுப்பில் சேருங்கள்.

பதவி உங்களுக்குக் கிடைக்கட்டும். குளிர் தொடங்கிவிட்டது, உங்கள் நெஞ்சுச்சளியை ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும். ஒன்று மட்டும் கேட்கிறேன். அவள் வாயில் நீங்கள் வைத்ததை எடுத்துவிடுங்கள். அவளை எட்டு வயதாகவே விட்டுவிடுங்கள்.

உங்கள் மனைவி,
தாடேயா

கடிதத்தை மடித்து, மெழுகு வைத்து, கீனோவிடம் கொடுத்தாள். வீட்டுக்குள் வந்து கதவைத் தாழிட்டாள்.