எழுதியவர் என்ற கட்டம்

மார்ச் 4
நூலகத்திலிருந்து மின்னஞ்சல். எங்கள் வலைப்பூவைத் தங்கள் தொகுப்பில் சேர்க்கிறார்களாம். "எங்கள்" என்று எழுதிவிட்டேன். அவருடைய வலைப்பூ. மேலே என் கணவர் படம்தானே இருக்கிறது.

ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு குறிப்புக் கோப்பு வேண்டுமாம்: தலைப்பு, தேதி, மொழி, பொருள், எழுதியவர். உலகத்து வலைப்பூக்களுக்கெல்லாம் ஒரே படிவம். கணினி படிப்பதற்காக; வாசகர் கண்ணில் படாது. பதினோரு ஆண்டு, 412 பதிவுகள். "நீயே பண்ணிடும்மா, எனக்கு அதெல்லாம் ஓடாது" என்றார். எது ஓடியிருக்கிறது?

மார்ச் 9
முப்பது முடிந்தது. எழுதியவர் என்ற கட்டம் வரும்போதெல்லாம் கை நின்றுவிடுகிறது. சாப்பிடும்போது இரண்டு வரி சொல்வார். நான் இரண்டு பக்கம் எழுதுவேன். முதலில் விளையாட்டாக ஆரம்பித்தது. பிறகு அந்த இரண்டு வரியும் நின்றுபோனது.

மார்ச் 10
என் பெயரை எங்கே போடுவது என்று கேட்டேன். படிவத்தைப் பார்த்துவிட்டு, "தொழில்நுட்ப உதவின்னு ஒண்ணு இருக்கே, அதுல போட்டுக்கோ" என்றார்.

எங்கம்மா செத்த வாரம் எழுதினதக்கூட "என் மாமியார்"னு மாத்தித்தானே போட்டேன்? இப்படி ஒரு மருமகன் கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்னு நாத்தனார் அழுதா. நான் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தேன்.

மார்ச் 17
தொழில்நுட்ப உதவி.

மார்ச் 28
அனுப்பிவிட்டேன். ஒவ்வொரு பதிவையும் திறந்து, எழுதியது யாரோ அவர் பெயர். அனுப்பும் முன் பார்க்கிறீர்களா என்று கேட்டேன். மெஷின் படிப்பதை நான் ஏன் படிக்க வேண்டும் என்றார்.

மே 16
நூலகத்தின் பக்கம் வந்துவிட்டது. கணினி தானாக எண்ணிப் போட்டிருக்கிறது: என் பெயருக்கு எதிரே 405, அவருக்கு ஏழு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அதற்குத் தெரியாது. முதலில் பார்த்தது நாத்தனார். உடனே அண்ணனைக் கூப்பிட்டுவிட்டாள்.

"மெஷின் தப்பா எண்ணிருக்கு. மாத்தச் சொல்லு" என்று என்னிடம் வந்தார்.

"சரியாத்தான் எண்ணிருக்கு. உங்க ஏழு எதுன்னு சொல்லட்டுமா?"

கதவை அறைந்து சாத்தினார்.

மே 24
நூலகத்துக்கு மறுப்புக் கடிதம் எழுதப்போவதாக ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இன்று காலையில் உட்கார்ந்தார். துணி காயப்போட்டுவிட்டு எட்டிப் பார்த்தேன். "ஐயா," என்று மட்டும் இருந்தது. மதியமும் அதேதான்.

நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது சமையலறை வாசற்படியில் வந்து நின்றார். "ஆரம்பிக்க ஒரு வரி மட்டும் எடுத்துக் குடேன்."

கை ஈரமாக இருக்கிறது என்றேன்.