தடா அருவியும் என் கணுக்காலும்

ஞாயிறு, இரவு.

வெட்கக்கேடு. தொப்பையோடு பாறை ஏற முடியாமல், கணுக்கால் பிசகிவிட்டதாக இன்று நடித்தேன். தடா அருவி கூப்பிடு தூரத்தில் இருந்தது. கும்மிடிப்பூண்டி கம்பெனியில் என்னோடு வேலை செய்யும் சேகர், அதைப் பார்க்கவே நைட் ஷிப்டு கூடுதலாகப் பார்த்து லீவு வாங்கியிருந்தான். அடுத்த வாரம் ஓசூருக்கு மாற்றலாகிப் போகிறான்.

"நீ போய்ப் பாத்துட்டு வாடா," என்றேன்.

"உன்ன இப்டி வுட்டுட்டு எனக்கு இன்னா குளியல் மாமா? தோள்ல கைய போடு."

துண்டைக் கிழித்துக் கட்டுப்போட்டு, அடிவாரம்வரை தாங்கிக்கொண்டு வந்தான். நான் வழியெல்லாம் முனகினேன். நன்றாகவே முனகினேன். நடுவில் ஒருமுறை அவன் கீழே பார்த்துச் சிரித்தான். என் முனகலுக்குத்தான் என்று நினைத்தேன்.

தூக்கம் வரவில்லை. கட்டை அவிழ்க்கக் குனிந்தேன். கட்டு இடது காலில் இருக்கிறது. நான் நொண்டியது வலது காலை.