உரித்த விரல்

ஆடி 9, வியாழன்

ஐந்தருவியிலிருந்து இவர் ரம்புட்டான் பழம் வாங்கி வந்தார். எனக்கு ஏழாம் மாதம், கர்ப்பச் சர்க்கரை வேறு. அதனால் எல்லோருக்கும் உரித்துக் கொடுத்தேன், ஒன்றுகூடத் தின்னவில்லை. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆனதும் விரலைக் குத்திப் பார்த்தால் மிஷினில் இருநூற்றுப் பத்து.

"ஏட்டி, ஒளிச்சு வச்சுத் தின்னியா?" என்று இவருடைய அம்மா சத்தம் போட்டார்கள். இவரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பற்றிக்கொண்டு வந்தது. முகம் கழுவப் போனபோதுதான் உறைத்தது, விரலெல்லாம் பழச்சாறு! சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு மறுபடி குத்தினேன். நூற்றுப் பன்னிரண்டு. மிஷினை அத்தை முகத்துக்கு நேரே நீட்டினேன்.

அத்தை ஒரு பழத்தை உரித்து என் வாயில் வைத்தார்கள்.

"ஒண்ணே ஒண்ணு தின்னுட்டி. நாக்கு செத்துப் போயிருக்கும்லா."

விளக்கை அணைக்க வேண்டும். கொட்டையை இன்னும் துப்பவில்லை.