மிஞ்சிய விடைத்தாள்கள்

புதன்கிழமை, மதிய இடைவேளை
பள்ளிக்கூடச் சாமான் அறை

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் தங்கையும் நலம் என்று ஆரம்பிப்பதுதான் என் வழக்கம். இந்தத் தடவை அந்த வரியை எழுதக் கை வரவில்லை. நீயாவது வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

உன் கடிதம் போன வெள்ளிக்கிழமை வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு நின்றபடியே படித்தேன். ஆராய்ச்சி முடிந்துவிட்டது, அடுத்த மாதம் கல்வித் துறை அதிகாரிகள் முன்னால் அதை வாசிக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். நம் பள்ளிக்கூடத்தில் ஆலைக்குப் பின்னால் இருக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஆபீசர் குடியிருப்புப் பிள்ளைகளுக்கும் நடுவில் இருந்த மதிப்பெண் வித்தியாசம் ஒரே வருஷத்தில் பாதியாகிவிட்டதாம். பெரிய டீச்சர் காலையில் நடத்துகிற அரைமணி வாசிப்பு வகுப்புதான் காரணமாம். இனி நாற்பது பள்ளிக்கூடங்களில் அதே மாதிரி செய்யப் போகிறார்களாம், பெரிய டீச்சரே போய்ச் சொல்லிக்கொடுப்பாராம். கடைசியில், எல்லாம் நீ கூட்டிப் பெருக்கின பள்ளிக்கூடம்தாம்மா என்று ஒரு வரி.

பெரியவளே, அந்த வித்தியாசம் குறையவில்லை. குறைந்த மாதிரி காட்டினோம். அதில் என் கையும் இருக்கிறது. சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது என்று உனக்குத் தெரியும், அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். கோபம் வந்தால் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டுப் பிறகு படி. கிழித்துப் போட்டுவிடாதே, இன்னொரு தடவை எழுத எனக்குத் தைரியம் வராது.

பரீட்சைக்கு முந்தின நாள் பெரிய டீச்சர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மேஜைமேல் ஒரு துண்டுத் தாளில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேருடைய பெயர், எல்லாம் ஆலைக்குப் பின்னால் இருக்கிற, மதிப்பெண் குறைந்த பிள்ளைகள். நாளைக்கு இவர்கள் வர வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள் ஆயா என்றார். இரண்டு வருஷமாகச் சராசரி கீழே போய்விட்டது, இந்த வருஷமும் போனால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள், அப்புறம் இதுங்க எல்லாம் அந்தப் பெரிய சாலையைத் தாண்டி எங்கே போய்ப் படிக்கும் என்று கேட்டார். பள்ளிக்கூடம் இருந்தாத்தானே ஆயா படிப்பு என்றார். அழுது அவர் முகம் வீங்கியிருந்தது. இப்போது அவரைத் திட்டி எழுதலாம் என்று பார்க்கிறேன், மனசு வரமாட்டேன் என்கிறது. அவர் சொன்னதில் பொய்யும் இல்லை.

ஏன் என்னை அனுப்பினார் தெரியுமா? டீச்சர்கள் போனால் சனங்கள் ஏன், எதற்கு என்று கேட்பார்கள். ஆயா போனால் கேட்கமாட்டார்கள். அடிபட்டால் மருந்து போடுகிறவள், வாந்தி எடுத்தால் துடைத்து வீட்டில் கொண்டுவந்து விடுகிறவள் நான்தானே. பத்து வீட்டுக்கும் போனேன், பத்து வீட்டிலும் ஒரே பொய். காய்ச்சல் பரவுகிறது, உங்கள் பிள்ளை வகுப்பில் சோர்ந்து சோர்ந்து உட்கார்ந்திருந்தது, நாளைக்கு வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க இருக்கிறதால எங்களுக்குக் கவலையே இல்ல என்றாள். இன்னொரு வீட்டில் தகப்பன்காரர் மகளுக்காகப் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். நான் சொன்னதும் பாதி சீவின பென்சிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நாம் வாயாடி என்று கூப்பிடுவோமே, அந்தப் பெண் மட்டும் பின்னாலேயே வாசல்வரைக்கும் வந்து, அப்ப எங்க பேரக் கூப்பிட்டா யாரு ஆயா உள்ளேன்னு சொல்வா என்று கேட்டாள். அந்த வாய்க்கு எப்போதும் பதில் வைத்திருக்கிற நான் அன்றைக்கு அடுத்த வீட்டுக்கு நடந்துவிட்டேன்.

பத்து வீடு என்றேனா? பதினோராவது பெயர் நம் சின்னவள்.

ஒரு பெயரை அடித்துவிடுங்கள் என்று கேட்டிருந்தால் பெரிய டீச்சர் மறுத்திருக்கமாட்டார். நான் கேட்கவில்லை. பத்துப் பேர் வீட்டில் பொய் சொல்லிவிட்டு என் மகளை மட்டும் காப்பாற்றினால் நன்றாக இருக்குமா என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது வெளிக்கு. உள்ளே இருந்தது வேறு. அவள் எழுதினாலும் தேறமாட்டாள் என்றுதான் நானும் நினைத்தேன். பெற்றவள் நானே அவளை மக்கு என்று முடிவு கட்டிவிட்டிருந்தேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

காலையில் அவள் சீருடை போட்டு, தலை பின்னி, இரண்டு பேனாவையும் எழுதிப் பார்த்து வைத்துக்கொண்டு நின்றாள். நான் நெற்றியில் கை வைத்து, உடம்பு சுடுதேடி என்றேன். அவள் தன் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள், பிறகு கழுத்தில் வைத்துப் பார்த்தாள். எனக்கு ஒண்ணும் தெரியலையேம்மா என்றாள். உனக்குத் தெரியாது, போய்ப் படு என்று அதட்டினேன். சீருடையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் படுத்தாள். நான் பள்ளிக்கூடம் போய்ப் பரீட்சை அறைக்குத் தண்ணீர் வைத்தேன்.

சாயங்காலம் அவள் தெருவுக்குப் போயிருக்கிறாள். மற்றவர்கள் எல்லாம் அங்கே விளையாடிக்கொண்டிருந்தார்கள், ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. யார் யார் என்று எண்ணிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? திரும்பி வந்து என்னிடம் கேட்டிருந்தால் தேவலை.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். பெரிய டீச்சர் மதிப்பெண்களை உனக்கு அனுப்பினதும், முப்பத்தெட்டுப் பேரில் இருபத்தேழு பேர்தான் எழுதியிருக்கிறார்கள், சின்னவளும் இல்லை, என்னம்மா ஆச்சு என்று எனக்கு எழுதிக் கேட்டாய். ஊரெல்லாம் காய்ச்சல் என்று பதில் போட்டேன். பரீட்சைக்கு வராதவர்களைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதுதான் முறை, அம்மாவே சொல்லிவிட்டாய், இனி சந்தேகமில்லை என்று நீ எழுதினாய். உன் ஆராய்ச்சி என்னுடைய அந்த ஒரு வரியின்மேல் நிற்கிறது. போன வருஷம் மூன்று வாரம் இங்கே வந்து உட்கார்ந்து, எங்கள் எல்லோரிடமும் நாற்பத்து மூன்று கேள்வி கேட்டாய். வீட்டில் எத்தனை புத்தகம், காலையில் சாப்பிட்டாயா, அம்மா எதுவரை படித்தாள் என்று. எட்டாம் வகுப்பு என்று நானும் பெருமையாகக் குறித்துக் கொடுத்தேன். பரீட்சைக்கு வராதே என்று யாராவது சொன்னார்களா என்ற கேள்வி அதில் இல்லை. இப்படியும் ஒன்று நடக்கும் என்று உனக்கு எப்படித் தோன்றும்? உன்னைக் குற்றம் சொல்லவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் நீங்கள். நீ இப்படி, அவள் அப்படி. அந்த வித்தியாசத்தை நாம் இரண்டு பேருமே ஆராயவில்லையே. உனக்கு அப்பா இருந்தார், பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொடுத்தார். அவர் போனபோது சின்னவளுக்கு நான்கு வயது. நான் இந்த வேலைக்கு வந்தேன், அவள் நான் பெருக்குகிற அறைகளுக்கு வெளியே உட்கார்ந்து வளர்ந்தாள்.

போன மாதம் அவளை டாக்டரிடம் கூட்டிப் போனேன். கூப்பிட்டால் திரும்புவதே இல்லை, திமிர் என்று நினைத்துத்தான் இத்தனை நாள் அடித்திருக்கிறேன். இடது காது அநேகமாகக் கேட்கவே இல்லை, வெகு நாளாகவே இப்படித்தான் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். வகுப்பில் மதிப்பெண் வரிசைப்படிதான் உட்கார வைக்கிறார்கள், நீயும் பார்த்தாய். அவள் இடம் கடைசி பெஞ்சு, வலது சுவர் ஓரம். கேட்கிற காது சுவரைப் பார்த்து இருந்திருக்கிறது. கேட்காததால் மதிப்பெண் குறைந்தது, குறைந்ததால் இன்னும் பின்னால் போனாள். தினமும் அந்தப் பெஞ்சைத் துடைக்கிறவள் நான்.

இப்போது அவள் பள்ளிக்கூடம் போவதில்லை. ஆறு வாரம் ஆகிறது. தினமும் காலையில் தானே நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, எனக்குக் காய்ச்சல் அடிக்குதும்மா என்கிறாள். இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறாள்.

நீ அதிகாரிகள் முன்னால் போவதற்குள், அந்தப் பதினொரு பேரை வரவிடாமல் நிறுத்தினதை எழுதி அவர்களையும் கணக்கில் சேர்த்துவிடு. உன் பட்டம் தள்ளிப்போகும், பெரிய டீச்சர் மாட்டிக்கொள்வார், எனக்கு ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கிறது, அதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பள்ளிக்கூடத்தையே மூடினாலும் மூடுவார்கள். வேலை போனால் போகட்டும் என்று வீரம் பேசவில்லை, எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உன் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு நாற்பது பள்ளிக்கூடத்திலும் வித்தியாசத்தைக் குறைத்துக் காட்டு என்பார்கள். வாசிப்பு வகுப்பால் குறையாவிட்டால் அங்கேயும் ஒரு துண்டுத் தாள் எழுதுவார்கள், அங்கேயும் என்னைப் போல ஒருத்தி வீடு வீடாகப் போவாள்.

இந்தக் கடிதம் எழுதியிருக்கிற தாளைத் திருப்பிப் பார், பள்ளிக்கூட முத்திரை இருக்கும். அன்றைக்கு மிஞ்சின விடைத்தாள்கள் இவை. திருப்பி எண்ணி இந்தச் சாமான் அறையில் வைத்தவள் நான்தான். என் எழுத்து பெரிசு என்று நீ கேலி செய்வாயே, பத்துத் தாள் ஆகிவிட்டது. பதினோராவதில் நான் எழுதவில்லை, வெறுமையாகவே உள்ளே வைத்திருக்கிறேன். அது உன் தங்கையுடையது.

அதில் நீ அவளுக்கு எழுதி அனுப்பு. அக்கா சொன்னால் கேட்பாள். அன்றைக்கு உனக்குக் காய்ச்சல் இல்லை, நீ மக்கும் இல்லை என்று கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுது. நான் சொன்னால் நம்பமாட்டாள், அவள் நெற்றியில் கை வைத்தவள் நான்தானே.

நீ எங்கே இருந்தாலும் குறையில்லாமல் இரு, கண்ணு. மணி அடிக்க நேரமாகிவிட்டது, போகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா