செத்த நிரல் விட்டுப்போன கோப்பு

ஏப்ரல் 3, 1997. பிஷ்கெக்

வெள்ள முன்கணிப்பு நிரல் இன்றும் பாதியில் செத்தது. வழக்கம்போல 'கோர்' என்று ஒரு பெரிய கோப்பைக் கணினியில் தள்ளிவிட்டுப் போயிருக்கிறது. வன்வட்டில் இடமே இல்லை. மேலாளர் ஒஸ்மோனொவிச் எட்டிப் பார்த்தார். "அந்தக் குப்பையத் துடைச்சுப் போடு சைரா. தப்பு மெஷின்ல இல்ல, எண்களைத் தட்டுற கையில." அனார்குலின் காதுபடவே சொன்னார். ஆற்று நிலையங்கள் சொல்லும் நீர்மட்டங்களைத் தட்டச்சு செய்பவள் அவள்தான். அடுத்த எண்ணைத் தட்டினாள்.

ஏப்ரல் 4

அனார்குலுக்கு மாதக் கடைசியோடு வேலை இல்லை. "ரெண்டு தடவை சரிபார்த்துத்தான் தட்டுறேன் அக்கா. இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு."

ஏப்ரல் 7

கோப்பை அழிக்கவில்லை. கையேட்டைத் தேடிப் படித்தேன். குளிர்காலத்திலிருந்து அழித்துக்கொண்டே இருக்கிறேன், என்னவென்று ஒருநாளும் கேட்டதில்லை. குப்பை இல்லை இது. நிரல் விழுந்த நொடியில் அதன் நினைவில் இருந்ததெல்லாம், அப்படியே. பிழைதேடும் கருவியில் நிரலையும் இதையும் சேர்த்துக் கொடுத்தால், எந்த வரியில் விழுந்தது என்று காட்டுமாம்.

அவளைக் காப்பாற்றிவிடலாம்.

ஏப்ரல் 8

அவள் தட்டிய எண்கள் உள்ளேயே இருக்கின்றன. பதிவேட்டோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். ஒன்றுகூடத் தவறில்லை.

விழுந்தது 212ஆம் வரியில். நாற்பது நிலையங்களுக்குத்தான் அங்கே இடம். குளிர்காலத்தில் கணவாய்க்கு மேலே நாற்பத்தொன்றாவதைத் திறந்தோம். அங்கிருந்து செய்தி எட்டும் நாளில் மட்டும் நிரல் சாகிறது.

அந்த வரியை எழுதியவள் நான்.

ஏப்ரல் 9

சொல்லிவிட வேண்டும்.

ஏப்ரல் 10

சொல்லத்தான் போனேன். ஒஸ்மோனொவிச் மேசையில் ஆட்குறைப்புப் பட்டியல். "ஒருத்தர் போயே ஆகணும். அவ போறா, நீ தப்பிச்ச. என்ன விஷயம்?"

"காகிதம் தீர்ந்துபோச்சு."

நாற்பதை நூறாக்கினேன். கோப்பை அழித்தேன். எனக்கும் இரண்டு பிள்ளைகள் — அவளுக்கும்தானேடி? அவளுக்கும்தானே?

மே 16

ஒஸ்மோனொவிச், எல்லார் முன்னாலும்: "அவ போனதுலேர்ந்து ஒருநாளாவது மெஷின் விழுந்திருக்கா?" யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஜூன் 2

அனார்குல் வீட்டுக்கு வந்தாள். பள்ளிக்கூட அலுவலகம் ஒன்றில் வேலை கேட்டிருக்கிறாளாம், நற்சான்று வேண்டுமாம். 'எண்களில் ஒருநாளும் பிழை செய்யாதவர்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க ஒருத்தராவது என்னை நம்புனீங்களே அக்கா."

அவள் தேநீர் ஆறிப்போயிருந்தது. வேறு ஊற்றிக் கொடுத்தேன்.